ஞாயிறு இரவுக்குப் பதினேழு அறைகள்

அந்தத் தேதியைத் தட்டியது என் விரலா, தேவிப்ரியாவின் விரலா என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. அவளைக் கேட்டால் நான்தான் என்பாள். பல வருஷங்கள் நானும் அப்படியே நம்பிவந்தேன். இப்போது யோசித்தால், நான் எழுந்து ஜன்னலோரம் நின்றிருந்ததாகவும், அவள் தட்டிவிட்டுத் திரும்பி "சரிதானே சார்?" என்று கேட்டதாகவும் ஒரு காட்சி வருகிறது. அந்த அறைக்கு ஜன்னல் உண்டா என்பதும் அடுத்த நிமிடம் சந்தேகமாகிவிடுகிறது. வருஷம்கூட 2007-ஆ, 2008-ஆ என்று தடுமாறுகிறேன். ஆனால் "சரி" என்று சொன்னது நான். அதில் சந்தேகமில்லை.

அது ஏனாத்தூர் போகிற சாலையில் இருந்த ஓர் உரக்கடையின் பின்னறை. கடை தேவிப்ரியாவின் அப்பா கோதண்டபாணியுடையது. சுவரோரம் யூரியா மூட்டைகள் அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் தேவிப்ரியாவின் கணினி. மூட்டைகளின் நெடி கண்ணைக் கரிக்கும். அவளுக்குப் பழகிவிட்டது. எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

நான் சின்னக் காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். வரதர் கோயிலுக்கு நான்கு வீதி தள்ளி வீடு. ஒரு டுடோரியலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். மிச்ச நேரத்தில் படிப்பேன், ஊர்க் கோயில்களைப் பற்றி ஒரு வலைப்பூவில் எழுதுவேன். தேவிப்ரியா எம்.சி.ஏ. முடித்தவள், என்னைவிட ஆறு வயது இளையவள். என் வலைப்பூவைப் பார்த்துவிட்டு டுடோரியலுக்கே வந்து நின்றாள்.

"சார், உங்க பிளாகைத் தினமும் பதினோரு பேர் பாக்குறாங்க. அதுல மூணு பேர் நீங்களேதான்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும். எழுத்து நல்லா இருக்குது. ஆனா யாரும் தேடாததையே தேடித் தேடி எழுதுறீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவளிடம் ஒரு நீண்ட கணக்கு நோட்டு இருந்தது. உரக்கடைக்கு வாங்கியது. அதில் மூன்று பத்தி போட்டிருந்தாள். முதல் பத்தியில், மக்கள் கூகுளில் என்ன சொற்களைத் தட்டித் தேடுகிறார்கள். இரண்டாவதில், மாதத்துக்கு எத்தனை பேர். மூன்றாவதில், அதே சொற்களுக்கு ஏற்கெனவே எத்தனை நல்ல பக்கங்கள் இருக்கின்றன. இந்த மூன்றையும் பார்த்துத்தான் எதைப் பற்றி எழுதுவது என்று அவள் முடிவு செய்வாள். எழுதுவது நான்.

நான் முதலில் கூரம் செப்பேட்டைப் பற்றி எழுதலாம் என்றேன். அவள் தட்டிப் பார்த்தாள்.

"பூஜ்யம்கூட இல்ல சார். கோடு போட்டிருக்குது."

"கோடு என்றால்?"

"எண்ணிச் சொல்ற அளவுக்கு ஆளே இல்லைன்னு அர்த்தம். நீங்களே தினம் ஒருக்கா தேடுங்க, அடுத்த மாசம் முப்பது காட்டும்."

பட்டுப்புடவை விலையை லட்சக்கணக்கான பேர் தேடினார்கள். ஆனால் அங்கே பெரிய கடைகளின் பக்கங்கள் வரிசையாக நின்றன. நாங்கள் நூறாவது பக்கத்தில் கிடப்போம். "கோயில் வரலாறு" என்று தேடுகிறவர்கள் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். "தேடுறவங்க ஏதோ ஒண்ணு வாங்குறதுக்குக் கிளம்பினவங்களா இருக்கணும் சார். சும்மா தெரிஞ்சிக்கினு போறவங்களால நமக்கு ஒண்ணும் ஆவாது" என்பாள்.

நாங்கள் எதிர்பார்த்த வருமானம் ஒரு விடுதி முன்பதிவுத் தளத்திலிருந்து வர வேண்டியது. எங்கள் பக்கத்தில் அவர்களுடைய சுட்டி இருக்கும். அதை அழுத்திப் போய் யாராவது காஞ்சிபுரத்தில் அறை பதிவு செய்து, வந்து தங்கினால், எங்களுக்குத் தரகு. தங்கினால்தான். பதிவு செய்து ரத்துசெய்தால் ஒன்றுமில்லை. பன்னிரண்டு அறைகளில் ஆட்கள் வந்து தங்கிவிட்டால் முதல் காசோலை கிளம்பும்.

அந்தக் காசோலைதான் தேவிப்ரியாவுக்கு எல்லாம். வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. அவள் இன்னும் இரண்டு வருஷம் இந்த வேலையைச் செய்து பார்க்க வேண்டும் என்றாள். கோதண்டபாணி கத்தவில்லை, அடிக்கவில்லை. ஒரு நாள் என்னை வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள அந்த செக்கு ஒண்ணே ஒண்ணு என் கையில குடுமா. வாலாஜாபாத்துக்கு வாணாம்னு நானே சொல்லிடறேன். வரலைன்னா நீ வாய் பேசக்கூடாது. ஐயரே, நீயும் சாட்சி."

"அப்பா, அவரு ஐயங்காரு."

"எல்லாம் ஒண்ணுதான்மா. தயிர்சோறு."

அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது இருவருக்கும் தெரியும். அதுதான் பயமாகவும் இருந்தது.

தேவிப்ரியா நோட்டைப் புரட்டிப் புரட்டி ஒரு சொற்றொடரைக் கண்டுபிடித்தாள். "காஞ்சிபுரம் கருட சேவை தேதி." வருஷம் முழுக்க அதைத் தேட ஆளில்லை. வைகாசி பிரம்மோற்சவத்துக்கு நாற்பது நாள் முன்னால் திடீரென்று ஏறுகிறது. தேடுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், கிளம்பத் தயாரானவர்கள், அறை வேண்டியவர்கள். ஆங்கிலத்தில் அதற்கென்று ஒரு நல்ல பக்கம்கூட அப்போது இல்லை.

"இதை எழுதுங்க சார். உங்களைவிட இதைத் தெரிஞ்சவங்க யாரு?"

எழுதினேன். கோயில் உற்சவ அழைப்பிதழைப் பார்த்து, மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கருட சேவை என்று போட்டேன். பிள்ளையாய் இருந்தபோதிலிருந்து பார்த்ததை எல்லாம் எழுதினேன். கோபுர வாசலில் வரதர் கருடன்மேல் வந்து நிற்பது, குடையால் ஒரு கணம் மறைத்து விலக்குவது, அந்தக் கணத்தில் கூட்டம் மூச்சை அடக்குவது. கீழே "கோயிலுக்கு அருகில் அறைகள்" என்ற சுட்டி. அதை அழுத்தினால் விடுதித் தளம் திறக்கும். வந்து சேரும் நாள் என்ற கட்டத்தில், நாங்கள் தட்டிவைத்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி தானாகவே நிரம்பியிருக்கும். ஆட்கள் தேதி தேடித் தயங்கினால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று அவள் படித்திருந்தாள்.

மூன்று வாரத்தில் எங்கள் பக்கம் முதலிடத்துக்கு வந்தது. முதல் அறை பதிவானபோது அவள் என்னிடம் காட்டிவிட்டு நோட்டில் அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டாள். பிறகு ஐந்து, எட்டு, பதிமூன்று. கருட சேவைக்கு ஒன்பது நாள் இருந்தபோது பதினேழு. எல்லாம் ஞாயிறு இரவுக்கு. அந்தத் தளம் எங்களுக்குப் பெயர்களைக் காட்டாது. தேதியையும் எண்ணிக்கையையும் மட்டும்தான் காட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வங்கிக்குப் போயிருந்தாள். பக்கத்துக்கு வந்த பின்னூட்டங்களைப் படித்து அனுமதிக்கும் வேலை என்னுடையது. புனேயிலிருந்து ஸுஷ்மா என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுத்தை அப்படியே சொல்ல முடியாது, சாரம் இது: உங்கள் பக்கம் மிகவும் உதவியது. உங்கள் சுட்டி வழியாகவே ஞாயிறு இரவுக்கு அறை போட்டுவிட்டோம். பகல் பன்னிரண்டுக்கு வந்து, அப்பாவைச் சற்று ஓய்வெடுக்கவைத்து, பிறகு கோபுர வாசலுக்குப் போவோம். அவருக்கு எண்பத்தொன்று. நாற்பது வருஷமாக இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஒருமுறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது 'பகல் பன்னிரண்டுக்கு' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

கோபுர வாசல் சேவை ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் நடப்பது. நான்கு மணி, நாலரை. சூரியன் வரும்போது பெருமாள் வீதியில் இருப்பார். பகல் பன்னிரண்டுக்கு எல்லாம் முடிந்து திரும்பிக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை இரவே ஊரில் இருக்க வேண்டும். அறை சனிக்கிழமைக்கு வேண்டும்.

இது எனக்குத் தெரியாததா? என் வீட்டில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் எழுதவில்லை. நேரம் என்ற ஒன்றை அந்தப் பக்கத்தில் எங்குமே நான் போடவில்லை. எங்கள் வீதியில் யாரும் எந்த இரவு தங்குவது என்று யோசித்ததே கிடையாது. எழுந்திருப்போம், குளிப்போம், நடந்து போவோம். எங்களுக்கு இந்த ஊரில் அறை தேவைப்பட்டதே இல்லை.

பதினேழு அறைகள். பதினேழு குடும்பங்களும் பகலில் வந்து இறங்கப்போகின்றன.

செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. பக்கத்தைத் திருத்த வேண்டும், தேவிப்ரியாவிடம் சொல்ல வேண்டும். திருத்தினால் என்ன ஆகும் என்பதும் தெளிவாக இருந்தது. எல்லோரும் ரத்துசெய்வார்கள். அடுத்த வெள்ளி நண்பகல்வரை கட்டணமில்லாமல் ரத்துசெய்யலாம். பதினேழு போய்விடும். காசோலை போய்விடும். ஆடிக்கு முன்னால் இன்னொரு திருவிழா இல்லை. வாலாஜாபாத்துக்குக் கோதண்டபாணி சரி என்று சொல்லிவிடுவார்.

நான் அந்தப் பின்னூட்டத்தை அனுமதிக்கவில்லை, அழிக்கவும் இல்லை. அனுமதிக்காகக் காத்திருக்கும் வரிசையில் அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

அவள் வங்கியிலிருந்து வந்தாள். "என்ன சார், பேயைப் பார்த்த மாதிரி இருக்கீங்க?"

"யூரியா நெடி" என்றேன்.

அதன்பிறகு ஆறு நாட்கள். அந்த ஆறு நாட்களில் நான் யோசித்தவற்றை எல்லாம் இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. பகலில் வருகிறவர்களுக்கும் பெருமாள் திரும்பி வரும் கோலம் கிடைக்குமே என்று யோசித்தேன். மறுநாள் வேறு வாகனம் உண்டே என்று யோசித்தேன். வயதானவர்களுக்கு அந்தக் கூட்டம் ஆகாது, வராததே நல்லது என்றுகூட ஒரு மாலை யோசித்தேன். சனிக்கிழமைக்கு ஊரில் அறை மிச்சமிருக்கிறதா என்று பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு நிமிட வேலை. தோன்றவில்லை.

அம்மா மங்கை, இரண்டு நாள் என்னைப் பார்த்துவிட்டு, "வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்டா" என்றாள். எங்கள் வீட்டில் நான் பேசாமலிருப்பது வழக்கம் என்பதால் அதற்குமேல் கேட்கவில்லை. பேசாதவன் என்ற பெயர் எனக்கு ஒரு மறைவிடமாக இருந்தது. மனம் அடங்கியவன் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை கோதண்டபாணி பின்னறைக்குள் வந்தார். கையில் தாளில் கட்டிய மசால் வடை. திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, பதினேழு?"

"ரூம்புப்பா. பதினேழு பேரு போட்டிருக்காங்க."

"எல்லாம் உன்னால வர்றவங்களா?"

"எங்களாலப்பா."

அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருன்னே தெரியாதவனுங்க, எங்கியோ குந்திக்கினு, நீங்க எழுதினதைப் படிச்சிட்டுக் கிளம்பி வரானுங்களா? சாப்புடு ஐயரே" என்று வடையை என் பக்கம் தள்ளினார். நான் வடையை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் கடைக்குப் போனதும் தேவிப்ரியா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நம்ப ஆரம்பிச்சிட்டாரு சார்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போனபோது அவள் நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். எங்கள் பக்கத்துக்கு வந்தவர்கள் என்ன தட்டி வந்தார்கள் என்ற பட்டியலைத் தினமும் எழுதுவாள்.

"சார், ஒரு சந்தேகம். நேத்துலேர்ந்து நெறைய பேரு 'கருட சேவை நாலு மணி', 'விடிகாலை'ன்னு தேடிக்கினு வராங்க. நான் சின்ன வயசுல போனப்ப அப்பா தோள்ல தூங்கிட்டேன், ஒண்ணும் ஞாபகமில்ல. இது சாயங்காலம்தானே?"

நான் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

"சார்?"

வெளியே கடையில் யாரோ டி.ஏ.பி. விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மூடியைத் திரும்ப மாட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அவளுக்கு மூளை வேகம். பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு பின்னூட்ட வரிசையைத் திறந்தாள். ஸுஷ்மா எழுதியது அங்கே இருந்தது. வந்த தேதியும் அதன்மேல் இருந்தது.

"போன வெள்ளிக்கிழமை" என்றாள்.

"ஆமாம்."

"ஆறு நாளா தெரியும்."

"ஆமாம்."

"எனக்காகத்தான் சொல்லாம இருந்தீங்களா?"

"திருத்தினால் எல்லாரும் ரத்துசெய்வார்கள். உங்கப்பா…"

"என்னைக் கேட்டீங்களா சார்?" குரல் உயரவே இல்லை. "ஒரு வார்த்தை?"

அவள் தொலைபேசியை இழுத்துக்கொண்டு, சனிக்கிழமைக்கு அறை உண்டா என்று ஊரிலிருந்த விடுதிகளை வரிசையாகக் கூப்பிட்டாள். நான்கு இடத்தில் இல்லை என்றார்கள். ஐந்தாவது இடத்தில் இருந்தவர் கொஞ்சம் பேசுகிற ஆள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள்.

"சனிக்கிழமையாம்மா? கருட சேவைக்கு இன்னைக்கு வந்து கேக்கறியே. போன வெள்ளிக்கிழமை கேட்டிருந்தா என்கிட்டயே எட்டு ரூம்பு காலியா கெடந்துச்சு. பக்கத்துல இருக்கற லாட்ஜுலயும் ஒரு பத்து இருந்துச்சு. திங்கட்கிழமைதான்மா எல்லாம் போச்சு."

வைத்துவிட்டாள். எட்டும் பத்தும் பதினெட்டு. எங்களுக்கு வேண்டியிருந்தது பதினேழு. அன்றே திருத்தியிருந்தால், பதிவு செய்தவர்கள் தங்கும் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டிருப்பார்கள். அறை எங்கள் சுட்டி வழியாகவே போயிருக்கும். அவளைக் காப்பாற்ற என்று நினைத்து நான் எதை மூடி வைத்தேனோ, அது அந்த ஆறு நாளில்தான் கைவிட்டுப் போயிருந்தது. இதை அவள் சொல்லவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குப் பதில் கத்தியிருக்கலாம்.

பிறகு தட்ட ஆரம்பித்தாள். பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் நேரம், எந்த இரவு தங்க வேண்டும் என்பது, எங்கள் தவறு என்பது, நாளை நண்பகலுக்குள் கட்டணமின்றி ரத்துசெய்யலாம் என்பது. ஸுஷ்மாவின் மின்னஞ்சலுக்குத் தனியாக எழுதினாள். விடுதித் தளத்துக்கும் எழுதி, பதிவு செய்த எல்லோருக்கும் தகவல் அனுப்பச் சொன்னாள். நான் ஆங்கிலத்தைச் சரிபார்க்கக் குனிந்தேன். "வேணாம் சார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இருவரும் அந்த எண்ணின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணிக்குப் பதினாறு. பதினைந்து. சற்று நேரம் அசையவில்லை. எனக்கு உள்ளூர ஓர் ஆசை, இதோடு நின்றுவிடாதா என்று. நின்றால் மூன்று அறை கூடுதலாகவே இருக்கும். பத்தரைக்குப் பதினொன்று. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினோரு மணிக்கு ஏழு.

கோதண்டபாணி உள்ளே வந்தார். "இன்னா, கொறையுது?"

"தேதி தப்பாப் போட்டுட்டோம்பா. சனிக்கிழமை ராத்திரி தங்கணும். ஞாயித்துக்கெழமைன்னு போட்டுட்டோம். திருத்திட்டேன்." என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர் மெதுவாக ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். "திருத்தாம இருந்திருந்தா?"

"எல்லாரும் வந்து எறங்கியிருப்பாங்க. செக்கும் வந்திருக்கும்."

"அப்புறம் இன்னாத்துக்குத் திருத்தின?"

"வயசானவங்கள்லாம் வராங்கப்பா, நாங்க எழுதினதை நம்பி."

அவர் திரையைப் பார்த்தார். நான்கு. நான் எழுந்து, 'தப்பு என்னுடையது, இவளுக்கு இன்னும் ஆறு மாதம் கொடுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வாக்கியம் வாய்வரை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நண்பகலுக்கு மூன்று என்று நின்றது. கோதண்டபாணி எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டு, "பேச்சு பேச்சுதாம்மா" என்றார். அவர் குரலில் வெற்றி இல்லை.

ஸுஷ்மாவிடமிருந்து பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கே, அவர் பின்னூட்டத்தில் பெயர் சொல்லியிருந்த விடுதியின் வாசலில் நான் போய் நின்றேன். பன்னிரண்டு அடித்துச் சற்று நேரத்தில் ஒரு வாடகைக் கார் வந்தது. முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் இறங்கி, பின்கதவைத் திறந்து, ஒரு முதியவரை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினாள். பளிச்சென்று திருமண் இட்டிருந்தார். பயணத்தில் எங்கோ நிறுத்தி இட்டிருக்க வேண்டும்.

"ஸுஷ்மாவா?" என்றேன். "நான் பாஷ்யம். அந்தப் பக்கத்தை எழுதினவன். மின்னஞ்சல் பார்க்கவில்லையா?"

"வியாழக்கிழமையிலேர்ந்து ரயில்லயும் திருப்பதியிலயும் இருக்கோம். ஏன்?"

சொன்னேன். ஆறு நாட்களையும் சேர்த்துச் சொன்னேன். வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது அன்றுதான். அவள் முகம் சிவந்தது. முதியவர் நடுவில் குறுக்கிட்டார்.

"நீர் எந்த ஊர்?"

"இந்த ஊர்தான். சன்னதிக்கு நாலு வீதி."

"உள்ளூர்க்காரர் எழுதினதாச்சேன்னு சொல்லித்தான்மா நான் வேற யாரையும் விசாரிக்காம கிளம்பினேன்" என்றார், என்னிடம் அல்ல, மகளிடம்.

அவர்களை அதே காரில் ஏற்றி, பெருமாள் திரும்பிக்கொண்டிருந்த வீதிமுனைவரை கூட்டிப்போனேன். அதற்குமேல் கூட்டம் விடவில்லை. தலைகளுக்கு மேலே குடைகள் அசைந்து போயின. வெயிலில் கருடனின் ஒரு சிறகு ஒரு கணம் மின்னியது. முதியவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். எல்லாம் கடந்துபோன பிறகும் கையை இறக்கவில்லை.

"திரும்புற கோலம் சேவிச்சாச்சு" என்றார் கடைசியில். "நான் புறப்பாடு சேவிக்க வந்தேன்."

ஸுஷ்மா கார்க்கதவைச் சாத்தினாள்.

அன்று இரவு மூன்று அறைகளில் ஆட்கள் தங்கினார்கள். ஆடி பிறக்கும்வரை மொத்தம் ஏழு அறைகள்தான் சேர்ந்தன. காசோலை வரவில்லை. ஆனி கடைசியில் தேவிப்ரியாவுக்கு நிச்சயமானது. ஆவணியில் வாலாஜாபாத்தில் கல்யாணம் நடந்தது. அவள் கணவருக்கு மின்சாமான் கடை, நல்ல மனிதர். இரண்டு பெண் குழந்தைகள். நான்கு வருஷம் கழித்து அவள் அங்கிருந்தே தனியாக ஒரு தளம் ஆரம்பித்தாள். பம்புசெட்டுகளைப் பற்றியது. அதில் எழுதுவதும் அவளே. இப்போது அதில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஊருக்கு வந்தால் என்னிடம் பேசுவாள், மரியாதையாக. கோதண்டபாணி உரக்கடையை விற்றுவிட்டு ஏனாத்தூரில் மகனோடு இருந்தார், 2015-இல் இறந்தார். ஸுஷ்மாவின் அப்பா மறுபடி வந்தாரா என்பது தெரியாது. இருமுறை எழுதினேன், பதில் இல்லை. என் அம்மா இறந்து ஆறு வருஷமாகிறது. எங்கள் வலைப்பூவைப் புதுப்பிக்காமல் விட்டதில் அது மறைந்துபோனது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே டுடோரியலில் இன்னும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன்.